மலையில் வைத்த பரீட்சை

"மூணாவது தடவையா காப்பியைத் திருப்பி அனுப்பறியே, உனக்கே இது நல்லா இருக்கா?"

"மெதுவாப் பேசுங்க, அவன் காதுல—"

"நான் மெதுவாத்தான் பேசறேன், நீதான்—"

"யாரு, நானா? உங்க குரல் பள்ளத்தாக்குல போய் முட்டிட்டு நமக்கே திரும்பி வருது!"

கணவர் மஃப்ளரைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

விடுதியின் வாசலில் மூங்கில் நாற்காலிகள். எதிரே மலைச்சரிவு முழுக்கக் காப்பிச் செடிகள், அவற்றின் தலைமேல் மேகம். மேகத்தைப் பார்க்கத்தான் சனங்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். இவர்கள் வந்தது வேறு காரியத்துக்கு.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு நாள் போனில் சொல்லிவிட்டாள். மலையில் காப்பித் தோட்டமும், அதை ஒட்டி நாலு அறை விடுதியும் வைத்திருக்கிறானாம் ஒருவன். கட்டினால் அவனைத்தான் கட்டுவாளாம். போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டாள். "மூஞ்சியில என்ன தெரியும்? குணத்தையில்ல பார்க்கணும்!" என்று அப்பா வீறாப்பாக மறுத்துவிட்டார். பிறகு மகளிடம் மூச்சுவிடாமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஊர்ப்பேரைக்கூட மாற்றிச் சொல்லி, சுற்றுலா வந்தவர்கள் மாதிரி இங்கே வந்து அறை எடுத்துவிட்டார்கள்.

ஒரே பெண். வேண்டாம் என்றால் இந்த ஜென்மத்தில் அவர்களோடு பேசமாட்டாள். அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. சரி என்று சொல்லி, அவன் சுள்ளென்று விழுகிற ஆளாக இருந்துவிட்டால்? அதனால்தான் இந்தப் பரீட்சை.

குளிக்கிற வெந்நீர் சுடவில்லை என்றாள் அம்மா. சுட்டதும் சுடுகிறது என்றாள். தலையணை உயரம் என்றாள், மாற்றியதும் பள்ளம் என்றாள். ராத்திரி தவளை கத்துகிறது, அதை நிறுத்த முடியாதா என்றுகூடக் கேட்டுவிட்டாள். சாவி கொடுப்பதிலிருந்து காப்பி போடுவது வரை விடுதியில் எல்லாம் அவன் ஒருவன்தான்; பொறுமையாக ஜன்னலைச் சாத்திவிட்டு, "சொல்லிப் பார்க்கறேங்க. எங்க பேச்சை அதுங்க கேக்கறதில்ல" என்றான்.

இதோ, தம்ளரோடு வந்துவிட்டான்.

"முதல்ல கசப்புன்னீங்க, அப்புறம் இனிப்புன்னீங்க, அப்புறம் ஆறிப்போச்சுன்னீங்க. இது நாக்கைப் பொசுக்கும். பாத்துக் குடிங்கம்மா."

அம்மா ஒரு வாய் குடித்தாள். தேவாமிர்தமாக இருந்தது. "பரவாயில்ல" என்று முகத்தைச் சுளித்தாள்.

அவன் களத்துக்குப் போய், காயப்போட்டிருந்த சிவப்புக் காப்பிப் பழங்களை மரப்பலகையால் கிளற ஆரம்பித்தான். கணவர் மனைவியைப் பார்த்து, 'இப்போ பாரு' என்று கண்ணைக் காட்டிவிட்டு எழுந்தார். செருப்புக் காலோடு நேரே பழங்களின் மேலேயே நடந்தார்.

"சார், செருப்பு."

"செருப்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார். காப்பியில செருப்பு வாசனை வந்துச்சுன்னா அம்மா மறுபடியும் திருப்பி அனுப்பிடுவாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் வந்த வழியே அசடு வழியத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"போதுங்க. இதுக்கு மேல சோதிச்சா நமக்குத்தான் பாவம்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. மத்தியானம் சாப்பாட்டுல—"

"நீங்க சும்மா இருங்க. இதுல பாதி உங்களுக்கு நடந்திருந்தா தட்டு பறந்திருக்கும்."

"நான் என்னிக்குடி தட்டைப் பறக்கவிட்டேன்?"

"ஒரு நாளா, ரெண்டு நாளா, எதைன்னு சொல்ல?"

கணவர் முகவாயைத் தடவிக்கொண்டார். அவர் முகவாயைத் தடவினால் இறங்கி வந்துவிட்டார் என்று அர்த்தம். "பையன் தங்கம்தான். சரி, கூப்பிட்டுச் சொல்லிடு. என்னால சொல்ல முடியாது, சிரிப்பு வந்துடும்."

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தம்பி, இப்படி வந்து உக்காரு. நாங்க மேகம் பாக்க வந்தவங்க இல்லப்பா. நீ விரும்பற பொண்ணோட அப்பா, அம்மா. உன் குணத்தைப் பாக்கத்தான் இத்தனை கூத்தும். மனசுல வெச்சுக்காதே. எங்க பொண்ணை உனக்குக் குடுக்கறதுல எங்களுக்குப் பூரண சம்மதம்."

அவன் கையிலிருந்த பலகை நழுவியது.

"எனக்கா? ஐயோ, மெதுவாச் சொல்லுங்கம்மா, என் சம்சாரம் பள்ளிக்கூடத்துலேர்ந்து பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற நேரம்! நீங்க சொல்றது என் தம்பியைங்க. தோட்டமும் விடுதியும் அவனோடதுதான். அவன் இல்லாததால நான் பாத்துக்கறேன்."

கணவர் எழுந்தேவிட்டார். "அப்போ அவன் எங்கே?"

"உங்க ஊருக்குத்தாங்க போயிருக்கான்." அண்ணன்காரன் தலையைச் சொறிந்தான். "பொண்ணு வீட்டுக்காரங்க எப்படிப்பட்டவங்கன்னு யாருக்கும் தெரியாம பாத்துட்டு வரேன், ஒத்துவந்தாத்தான் பேச்சை எடுப்பேன்னு கிளம்பினான். வீடு பூட்டியிருக்காம். ஆளைப் பாக்காம எப்படி முடிவு பண்றதுன்னு போன்ல ஒரே புலம்பல்."

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன், அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அவன்தான். நீங்களே சொல்லுங்கம்மா, எப்படிப்பட்டவங்கன்னு சொல்லட்டும்?"