ஒப்பீட்டு வீடு

"ஃபேனை நிறுத்துங்க, முதல்ல நிறுத்துங்க!" என்று வாசலிலேயே கத்தினார் ஆராய்ச்சியாளர் ஞானராஜ். அவர் கையிலிருந்த மீட்டர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

சுடலைமணி நகரவில்லை. கரண்டுக் கம்பியைச் சுற்றியிருக்கும் மின்புலம் மனித உடம்பை என்ன செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஞானராஜின் குழுவுக்கு மின்சாரமே இல்லாத வீடு தேவைப்பட்டது. அவன் வீட்டைப் பிடித்தார்கள். பதினொரு வருஷமாக அங்கே ஒரு பல்பு எரிந்ததில்லை. அதற்காகக் குடும்பத்துக்கு இலவச மருத்துவ அட்டை கொடுத்திருந்தார்கள். இன்று பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்திருந்தான்.

"தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா சார். மருமவன் பொறந்து ஒம்பது நாளு. இந்தச் செம்மணல் தேரிக்காட்டு வெயில்ல பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம்."

"விசிறிவிடுங்களேன்."

"ராத்திரி நான் விசிறுதேன். பகலுக்கு நீங்க வாறியளா?"

உள்ளேயிருந்து தங்கை சிரித்தாள். ஞானராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாவட்டத்துலயே கரண்டு இல்லாம மிச்சமிருக்கிற ஒரே வீடு இது. விலகினா அட்டை போயிரும். உங்க சர்க்கரை மாத்திரைக்கு என்ன செய்வீங்க?"

சுடலைமணி ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தான்.

"பிடிங்க. ஆனா விலகிட்டான்னு எழுதாதிய. ஒம்பதாம் நாள்லேருந்து ஒரு பிள்ளை ஃபேனுக்குக் கீழ உறங்குதுன்னு எழுதுங்க. வருஷா வருஷம் வந்து அவன் எப்படி இருக்கான்னு பாருங்க. அதுவும் ஆராய்ச்சிதான?"

ஞானராஜ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீட்டர் விடாமல் கீச்சிட்டது.

"மொதல்ல அதை அணைங்க சார். மருமவன் முழிச்சிருவான்."