ஏழாம் டேப் கருவி

எங்கள் பெரிய கணினியில் ஓடும் புரோகிராமுக்குக் கண் கிடையாது. எந்தக் கருவியையும் அது நேரில் பார்ப்பதில்லை. எண் என்ன, வகை என்ன, தயாரா என்று நாங்கள் எழுதி வைக்கும் விவரத்தை அப்படியே நம்பும். டேப்பில் தகவலைப் பதியும், வாசிக்கும் ஏழாம் டேப் கருவியைப் பழைய இரும்புக்குப் போட்டபோது அதன் விவரத்தை நீக்க மறந்துவிட்டோம்.

மதியம் திரையில் வந்தது: “ஏழு: தயார். டேப் போடவும்.”

கூடவே வேலை பார்க்கும் என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். கருவி இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. அதில் போய் நின்றான்.

“பாருக்கா, வெறும் காத்துதான் இருக்கு.”

“ஏழு: டேப் ஏற்றப்பட்டது. வாசிக்கிறது.”

அவன் உதடுகள் சத்தமில்லாமல் வேகமாக அசைந்தன. கூப்பிட்டேன். திரும்பவில்லை.

“ஏழு: பின்னால் சுற்றுகிறது.”

“பாருக்கா, வெறும் காத்துதான் இருக்கு” என்றான் மறுபடியும். அதே குரல், அதே சிரிப்பு.

அந்தப் புரோகிராமை எழுதியதே நான்தான். வாசிக்கும், சுற்றும், பிறகு பழையதை அழித்துப் புதிதாக எழுதும். நிறுத்தும் கட்டளையைத் தட்டினேன். மறுபடி மறுபடி தட்டினேன்.

“ஏழு: எழுதி முடிந்தது. டேப்பை எடுக்கலாம்.”

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். கை சூடாக இருந்தது. மரியாதையாக விடுவித்துக்கொண்டான்.

“சொல்லுங்க, உங்களுக்கு யாரு வேணும்?”