முழு மதிப்பெண்

"எங்கப்பா ஒரு சொட்டு குடிச்சதில்ல சார். ஆனா பத்து வருஷம் ஊரே அவரக் குடிகாரன்னுதான் சொல்லிச்சு."

மருத்துவக் கல்லூரி நேர்காணல் அறை. ஏன் டாக்டராக வேண்டும் என்பது கேள்வி. காலையிலிருந்து பதினேழு பேர் சேவை, சேவை என்றே சொல்லிக் காது புளித்துப்போயிருந்தது. பதினெட்டாவதாக வந்தவள் இவள்.

மேசைக்குப் பின்னாலிருந்த மூவரில் நரம்பியல் பேராசிரியர் மட்டும் சட்டென்று தலை நிமிர்ந்தார்.

அப்பா நடந்தால் தள்ளாடுவாராம். கைகால் தானாக ஆடுமாம். வேலை போயிற்று. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோய் இன்னதென்று சொல்வதற்குள் ஆள் போய்விட்டார். நாற்பத்து மூன்று வயது.

"அது என்ன நோவுன்னு நானே கண்டுபிடிக்கணும் சார்."

பேராசிரியருக்கு அந்த நோயின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

அச்சடித்த கேள்விகளைத் தவிர வேறு பேச்சு கூடாது. யாருக்கும் தனிச் சலுகை கிடைத்துவிடக் கூடாதென்று அவரே முன்னின்று எழுதிய விதி.

எட்டு நிமிடம் முடிந்து மணி அடித்தது. எழுந்தவள் நாற்காலிக் காலில் இடறி, சிரித்துச் சமாளித்துக்கொண்டு வெளியே போனாள்.

"தங்கமான பொண்ணு. ஆனா என்ன பதட்டம்! விரல் ஒரு நிமிஷம் சும்மா இருக்கல பாருங்க" என்று சொல்லி, தேர்வுக் குழுத் தலைவியாக இருந்த அறுவை மருத்துவர் நிதானத்துக்கு ஒரு மதிப்பெண் குறைத்தார்.

அது பதட்டமில்லை என்று பேராசிரியர் சொல்லவில்லை. ஓடிப்போய் அவளை நடைவழியில் நிறுத்தலாம். நிறுத்தி? அவள் வைத்தியம் கேட்டு வரவில்லை. கேட்டிருந்தாலும் கொடுப்பதற்கு அவரிடம் மருந்தில்லை.

எல்லாக் கட்டத்திலும் பத்துக்குப் பத்து போட்டார்.

"ஏழுக்கு மேல போகாத கையாச்சே சார், இன்னைக்கு மழைதான்!" என்று மூன்றாமவர் சிரித்தார்.

பேராசிரியர் தாளைக் கவிழ்த்து வைத்தார். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்கும் நோய் அது. நான்காம் ஆண்டில் அந்தப் பாடத்தை நடத்துபவர் அவர்தான்.