மறதிக்கு ஒத்திகை

மறதி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் இக்னேஷியஸை ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் மகனுக்கு வேலை கொடுப்பார்கள். ஐம்பத்தைந்து வயதுக்குள் நடக்க வேண்டும். அவனுக்கு ஐம்பத்து நாலரை. மகன் மூன்று வருஷமாகச் சும்மா இருக்கிறான். ஆவடி குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டுக்காரன் நான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா வேஷம் கட்டியவன் என்பதால் நானே நடிப்பு வாத்தியார்.

"பொண்டாட்டி பேரைக் கேட்டா இன்னா சொல்லுவே?"

"ஜெயசீலி."

"அடப்பாவி! அதை மறந்துடணும்னு நேத்துதானே சொன்னேன்?"

"சொன்னியா மச்சான்?"

இப்படியே ஒரு மாதம். இவ்வளவு மட்டமான நடிகனை நான் பார்த்ததில்லை.

டாக்டர் சி.டி. ஸ்கேன் எடுத்தார். "வயசுக்குத் தகுந்த மூளைதான். எதுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம். ஞாபகம் தங்கற இடம் அதுல இன்னும் தெளிவாத் தெரியும்."

நடிப்பு என்று தெரிந்தால் மகனுக்கு வேலை கிடைக்காது, அப்பன் வேலையும் போய்விடும்.

அடுத்த வாரம் டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இந்த இடம் ரெண்டு பக்கமும் நல்லாச் சுருங்கியிருக்கு. சி.டி.யில பிடிபடலை. வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதித் தர்றேன்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பையனுக்கு வேலை வந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். இக்னேஷியஸ் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"மச்சான், இன்னொரு தபா சொல்லிக் குடு. டாக்டர் உள்ளே கூப்பிட்டா எதை எதை மறக்கணும்?"