பென்சில் வட்டங்கள்

ஊரில் நடக்கும் பறவை எண்ணும் நட்புப் போட்டியில் ஓர் அணிக்கு இருவர். ஒரு பறவையை இருவருமே பார்த்துப் பட்டியலில் குறித்தால்தான் அது கணக்கில் சேரும். கடிகாரம் பழுதுபார்ப்பவர் பதினோர் ஆண்டுகளாகத் தம் மனைவியோடு அணி சேர்ந்திருந்தார். அவர் பேனாவால் கோடு போடுவார். அம்மையார் பென்சிலால் சிறு வட்டம் போடுவார். அம்மையார் காலமாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

"தனி ஆளுக்குக் கணக்கு கிடையாதேண்ணே," என்று தயங்கினார் நடுவராக இருந்த தபால்காரர்.

"தெரியும்ப்பா. வீட்டுல உக்காந்து சுவத்தை எண்றதுக்கு, இங்க குருவிய எண்ணிட்டுப் போறேன்."

வயல்களிலும் குளக்கரையிலும் பகல் முழுவதும் தனியே நடந்தார். முப்பத்தொன்பது கோடுகள் போட்டார். மாலையில் தபால்காரர் பட்டியலை வாங்கி வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஒரு பென்சில் வட்டம் இருந்தது. கடிகாரக்காரரிடம் பென்சிலே இல்லை.

மீன்கொத்தி என்ற பெயருக்கு எதிரே வட்டம் மட்டும் இருந்தது.

"இதை நீங்க பாக்கலையாண்ணே?"

"இல்லையேப்பா."

"அப்ப இது ஒண்ணை மட்டும் சேக்க முடியாது," என்றார் தபால்காரர், மிகவும் மெதுவாக.

மற்றவர்கள் தேநீருக்கு அழைத்தார்கள். கடிகாரக்காரர் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குத் திரும்பினார். எப்போதும் அம்மையார்தான் முதலில் பார்ப்பார். பிறகு கணவரின் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவார்.

வெளிச்சம் மங்கும்வரை அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"எந்தக் கிளைம்மா? கொஞ்சம் திருப்பி விடேன்."