தொண்ணூற்றாறு சம்பளச் சீட்டுகள்

"ஒக்காருடா. நீ நடக்கிற நடையில தரை தேஞ்சிடும்" என்றார் காசிம் த்ராவோரே, அடுப்பிலிருந்த டீக் கெட்டிலை விட்டுக் கண்ணெடுக்காமல்.

சூமானா உட்கார்ந்தான். உடனே எழுந்தான்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குக் குடியேற்ற அலுவலகத்தில் அவனுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் இங்கே உழைத்துச் சம்பாதித்தேன் என்று காட்டினால் நிரந்தரமாகத் தங்கலாம். ஊருக்குப் போய்த் திரும்பலாம். எப்போது வருவாய் என்று கேட்பதை மாலியில் அவன் மனைவி போன வருஷமே நிறுத்திவிட்டாள்.

கட்டிலில் தொண்ணூற்றாறு சம்பளச் சீட்டுகள் பரப்பிக் கிடந்தன. எட்டு வருஷம் பாரிஸ் ஓட்டலில் பாத்திரம் தேய்த்தது சூமானா. சீட்டில் இருந்தது காசிமின் பெயர். அனுமதி இல்லாதவன் அனுமதி உள்ளவன் பெயரில் வேலை பார்ப்பது, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் அந்த விடுதியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அந்தக் காசிம் நான்தான் என்று இப்போது நிரூபிக்க வேண்டும். ஓட்டல் முதலாளியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். காசிமின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல்.

அவர் போட்டால் அந்த எட்டு வருஷமும் அவர் பென்ஷன் கணக்கிலிருந்து கழன்று சூமானா கணக்குக்கு வந்துவிடும். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனபின் அவர் வேலைக்கே சரியாகப் போகவில்லை. அடுத்த வருஷம் ஓய்வு. இது அவருக்குத் தெரியுமா? சொல்லாமலே வாங்கிவிடலாமா? காலையிலிருந்து ஐந்து தடவை வாயைத் திறந்து மூடியாயிற்று. தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"எட்டு வருஷம் த்ராவோரேயா இருந்தும் புத்தி வரல பாரு" என்றார் காசிம். "காராமணி தின்னி!"

ஜாரா குலத்தானை த்ராவோரே குலத்தான் இப்படிக் கேலி பண்ணாவிட்டால்தான் தப்பு. ஜாராவும் கோபப்படக் கூடாது. காலகாலமாக அப்படி. ஆனால் சூமானா ஜாராவுக்கு இன்று சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, பென்ஷன்..."

"தெரியும்டா."

காகிதத்தை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட பழைய கட்டு ஒன்றை எடுத்தார். அதிலிருந்து ஒரு சீட்டைத் தேடி உருவி நீட்டினார்.

கட்டட வேலைச் சம்பளச் சீட்டு. மார்ச் 1986. இருபத்திரண்டு நாள் வேலை. பெயர், யூசுஃப் ஜாரா.

அப்பா.

பிரான்ஸில் ரத்தம் சிந்தி உழைத்த காசு என்று சொல்லிச் சொல்லிக் கண்மூடும்வரை ஊரில் பென்ஷன் வாங்கிய அப்பா. அந்தப் பணத்தில்தான் சூமானா படித்தான். கல்வீடு எழும்பியது. அவன் பாரிஸுக்கு வந்த டிக்கெட்டும் அதில்தான்.

மார்ச் 1986 தொடக்கத்தில்தான் ஊரில் சூமானா பிறந்தான். அந்த மாசம் முழுக்க அப்பா அவனை மடியிலிருந்து இறக்கவேயில்லை என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

அவன் சீட்டிலிருந்து நிமிர்ந்து காசிமின் முதுகைப் பார்த்தான்.

"பதினோரு வருஷம்" என்றார் அவர், டீயை உயரத் தூக்கி ஊற்றியபடி. "நானும் இதே கையெழுத்தக் கேட்டு உங்கப்பனுக்கு மூணு லெட்டர் போட்டேன். காராமணி தின்னி, பதிலே போடல."