நடுரோட்டில் நிற்கும் கார்

"குறையே இல்லைன்னா நடுரோட்டுல எதுக்குப்பா நிக்குது? மூச்சு வாங்கவா?"

மாஸ்டர் போட்ட சத்தத்தில், சோபாவில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

சர்வீஸ் மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "மூணாவது தடவையா பார்த்தாச்சு மாஸ்டர். பெட்ரோல் பம்ப் புதுசு, பேட்டரி புதுசு. வயரிங் மொத்தத்தையும் பிரிச்சு மேய்ஞ்சாச்சு. எஞ்சின்ல ஒரு குறையும் கிடையாது."

"அப்போ நான் பொய் சொல்றேன்."

"ஐயோ, அப்படிச் சொல்வேனா? எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நீங்கதானே!"

உண்மைதான். மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூலில் படிக்காமல் லைசென்ஸ் வாங்கியவர்கள் அந்த ஊரில் குறைவு. இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டிய எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதை அவர் ஸ்கூல் போர்டிலேயே எழுதி மாட்டியிருந்தார். அந்த ஸ்கூல் கார்தான் இப்போது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒர்க்‌ஷாப்பில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"சரி மாஸ்டர், எப்படி நிக்குதுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கும். திடீர்னு ஒரு குலுக்கல். பார்த்தா எஞ்சின் ஆஃப். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சு, எந்தக் கத்துக்குட்டிடா ஓட்டறதுன்னு கேக்கறான். என்னை!"

"திரும்ப ஸ்டார்ட் பண்ணினா?"

"ஒரே திருப்பு. ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடும்."

"நேத்து மேம்பாலத்துல நின்னுச்சே, அதைச் சொல்லுங்க" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து எடுத்துக்கொடுத்தாள் மாஸ்டரின் மனைவி.

"நீங்களும் பார்த்தீங்களாம்மா?"

"ஒவ்வொரு தடவையும் நான் கூடத்தானே இருந்தேன்."

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "காலைல நானே ஊரைச் சுத்தி ஓட்டிப் பார்த்தேன். ஒரு தும்மல்கூடப் போடலையே."

"டாக்டர் முன்னாடி போய் உக்கார்ந்தா பல்வலி காணாமப் போயிடும்ல, அந்த மாதிரி" என்றார் மாஸ்டர். "ஓடும்போதே வண்டி நிக்குதுன்னு உங்க கம்பெனி மேல ஏகப்பட்ட பேர் புகார் கொடுத்திருக்காங்க. பேப்பர்ல வந்திருக்கு. இவதான் படிச்சுக் காட்டினா."

"அது வேற மாடல். அதுக்குக் காரணம் பம்ப். உங்க வண்டியில அந்தக் குறை இல்லாமலேயே அதையும் மாத்திக் கொடுத்தோம்."

"எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். திங்கட்கிழமைலேர்ந்து பேத்தியை நான்தான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன். ஒண்ணாங்கிளாஸ் படிக்கற குழந்தை. லாரி பறக்கற ரோடு. நடுவுல நின்னா, பின்னாடி வர்றவன் உன் சர்வீஸ் பில்லைப் பார்த்தா பிரேக் போடுவான்?"

மேனேஜர் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பினார். அதற்குள் கண்ணாடி வழியாக எதையோ பார்த்துவிட்ட மாஸ்டர், "ஏம்பா, ஜாக்கியை அங்கேயா வைக்கிறது!" என்று ஒர்க்‌ஷாப்புக்குள் ஓடினார்.

அவர் போகும்வரை காத்திருந்த மனைவி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, ஒரு உதவி. இதைச் சரிபண்ணவே முடியாது, ஓட்டினா உயிருக்கு ஆபத்து, வித்துத் தொலைங்கன்னு அவர்கிட்டச் சொல்லிடுங்க."

மேனேஜர் திகைத்தார். "நல்லா இருக்கற வண்டியை எப்படிம்மா? நாளைக்கு அவர் கோர்ட்டுக்குப் போனா என் வேலை போயிடும்."

"கோர்ட்டுக்குத்தானே, போகட்டுமே. பஸ்லதானே போவார்."

"வேற வண்டி வாங்குவாரும்மா."

"அதுக்குள்ள எப்படியாவது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"டாக்டர்கிட்டயா? யாரை?"

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மெக்கானிக்குகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வண்டியில குறை இல்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும் தம்பி. ஓட்டிக்கிட்டே இருப்பார். கண்ணு திறந்துதான் இருக்கும், ஆனா ஆள் இருக்கமாட்டார். கூப்பிட்டா பதில் வராது. கொஞ்ச நேரத்துல தானாத் தெளிஞ்சு, 'என்னடி, வண்டி நின்னுடுச்சே'ன்னு என்னைக் கேப்பார். நீங்க அசந்துட்டீங்கன்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுத்தவன், நானா அசருவேன்னு ரெண்டு நாள் சாப்பிடலை. டாக்டரைப் பார்க்கலாம்னா, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுன்னு சிரிக்கறார். சரி, பழி வண்டி மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற காரைப் பார்த்தார். "அப்போ... வண்டியை நிறுத்தறது?"

"டிரைவிங் ஸ்கூல் வண்டியாச்சே, பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்குல்ல. நான்தான் மிதிக்கறேன். கிளட்ச் இல்லாம மிதிக்கவும் குலுங்கி அணைஞ்சுடுது." அவள் காலைத் தரையில் அழுத்திக் காட்டினாள். "திங்கட்கிழமை என்னை வரவேண்டாம்னுட்டார், அந்த சீட்டுல பேத்தி உக்காருவா தம்பி. அவளுக்குக் கால் எட்டாது."